எருமைக்கு எந்தத் தோட்டா?

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

குமரா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காதுகுத்து, வீடு நிறையச் சொந்தக்காரர்கள்; இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது.

காட்டெருமை வேட்டைக்கு .375 அங்குலக் குறுக்களவுக் குண்டு போடும் துப்பாக்கி வாங்குவதா, .458 வாங்குவதா என்று கேட்கிறாயே, துப்பாக்கி வாசனையே இல்லாத ஊரில் இருப்பவனிடமா? என் புளோக் இருக்கும் சுவா சூ காங்கில் கடைசிப் புலியைச் சுட்டது 1930இல். இப்போது கொசுதான் அடிக்கிறோம்.

ஆனாலும் கேட்டுவிட்டாய். தேக்காவில் தோடு வாங்கப் போன இடத்தில் மனக்கணக்குப் போட்டேன். பாசிர் லாபா ராணுவ முகாமில் நாம் எம்-16 துப்பாக்கியில் சுட்ட குண்டு அரைப் பவுனுக்கும் குறைவு. .375இன் 300 கிரெயின் (குண்டை நிறுக்கும் எடைக்கணக்கு) குண்டு ஏறக்குறைய இரண்டரைப் பவுன். .458இன் 500 கிரெயின் குண்டு முழுசாக நாலு பவுன்! உனக்கு நாக்கில் எச்சில் ஊறும், தெரியும்.

இரு. அந்த நாலு பவுன் வினாடிக்கு 2,000 அடிச் சொச்சம்தான் போகும். இரண்டரைப் பவுன் 2,500ஐத் தாண்டும். தூரத்தில் நிற்கும் எருமைக்கு எது தோது? 1912இல் வந்த .375இல் யானை வரைக்கும் அடித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பெரிய மிருகங்களுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் ஊர் ரேஞ்சில் இரவல் .458ஐச் சுட்டேனே, மறந்துபோச்சா? முதல் வெடியிலேயே தோள் கன்றிப்போனது. அடுத்த தடவை நீ கமுக்கமாக வெடிக்காத போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாய். 'டிக்' என்றது, உதைக்கப் போகிறதென்ற பயத்தில் குழல் முனை தானாகக் கீழே குனிந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு அதே வித்தையை நான் உனக்குச் செய்தபோது உன் குழலும் குனிந்ததே, அதை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை.

அதனால் .375 வாங்கு. மிச்சக் காசைக் குண்டில் போடு. மலிவுக் குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டதும் சிதறிவிடும். எருமை ரத்தம் சிந்திக்கொண்டே புதருக்குள் போய்விடும், தேடிப் போகவேண்டியது நீதான். ஈயமும் செம்பு உறையும் பிரியாமல் உள்ளே இறங்குகிற ரகமாகக் கேள்.

ஜூனில் வருகிறேன். கறிவேப்பிலை கேட்காதே, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். கோடாலித் தைலம் இரண்டு புட்டி எடுத்து வருகிறேன், நம் தோளுக்கு.

உன்,
சேகர்