'நன்றி: இணையம்' என்று போட்டால் அனுமதி ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறர் தளத்திலிருந்து கட்டுரையையும் படத்தையும் ஸ்கிராப்பர் (பக்கங்களைத் தானாக நகலெடுக்கும் மென்பொருள்) போட்டு உருவிவிட்டு, அடியில் 'நன்றி: இணையம்' என்று எழுதும் வழக்கம் தமிழ்த் தளங்களில் பெருகிவிட்டது. நன்றி சொல்வதைச் சட்டம் அனுமதியாகக் கொள்வதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளர் எழுத்து வடிவில் உரிமம் தர வேண்டும். தெரிந்தே மீறுவோருக்குப் பிரிவு 63-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. 'நூறு சொல் வரை எடுக்கலாம்' என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை.

தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையோ தங்கத்தின் விலையையோ யாரும் தம் சொந்த வாக்கியத்தில் வெளியிடலாம். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் எந்த அளவு என்பதும் பொதுச்சொத்துதான். செய்முறையை விவரித்த நடையும் படமும் அப்படியல்ல. நாட்டுடைமையான (அரசு உரிமை பெற்றுப் பொதுவுக்கு விட்ட) நூலின் மூலத்தை எடுக்கலாம். புதிய பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்பும் அதில் சேராது. தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து எடுப்பவர் மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

எழுதுவோர் பலர் அறியாத ஒன்று பிரிவு 52-இல் இருக்கிறது. நடப்பு அரசியல், பொருளாதார, சமூக, சமயக் கட்டுரைகளைப் பருவ இதழ்கள் எடுத்துப் போடலாம், எழுதியவர் மறுபதிப்பு உரிமையை வெளிப்படையாகத் தம்மிடம் வைத்துக்கொள்ளாதவரை. ஆகவே 'மறுபதிப்பு உரிமை எழுதியவருக்கே' என்ற ஒரு வரியைக் கட்டுரைதோறும் சேர்த்துவிடுவது நல்லது.

திருட்டைக் கண்டவுடன் புகார் அனுப்பிவிடக் கூடாது. அனுப்பினால் திருடியவர் பக்கத்தை அழித்துவிடுவார், கையில் ஆதாரம் இருக்காது. முழு முகவரியும் தேதியும் தெரியும்படி பக்கத்தைச் சேமித்து, இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு காக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஏற்றி வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, மின்னணு ஆதாரத்தோடு கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீட்டை) குறித்த சான்றிதழும் தர வேண்டும்; வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

அதன்பின், அந்தப் பக்கத்துக்கு வழிசெய்து தரும் இடைநிலை நிறுவனத்துக்கு (தேடுபொறி போன்றது), 2013 பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி எழுத்து மூலம் புகார் தரலாம். படைப்பின் விவரம், உரிமைக்கான சான்று, திருட்டுப் பக்கத்தின் முழு முகவரி, 21 நாளில் நீதிமன்ற உத்தரவு கொண்டுவருவதாக உறுதிமொழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல புகார்கள் தளத்தின் பெயரை மட்டும் எழுதுவதாலும், உறுதிமொழியை விட்டுவிடுவதாலும் வீணாகின்றன. புகாரில் குறையில்லை என்றால் நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் பக்கத்தை மீண்டும் திறந்துவிடலாம். வழக்குக்காகத் திருடியவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62, எழுதியவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்க வழி தருகிறது.

இப்படிக்கு,
இணைய இதழ் ஆசிரியர் குழுவினர்,
மதுரை