கேப் கோஸ்ட்டிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மகளே,

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "அங்கே இரண்டு பேரும் என்னதான் செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் மின்சாரம் போய், இணைப்பும் அறுந்துவிட்டது. அதன் பிறகு நானாக அழைக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. உன் குரலில் வருத்தமும் இருந்தது. மே மாதம் உனக்குப் பிரசவம். நம் மார்மன் சபைக்காக இங்கே கானாவில் நாங்கள் செய்யும் 18 மாத ஊழியம் மார்ச்சில் முடிகிறது. இங்குள்ள ஊழியக்காரர்களை நடத்தும் ஊழியத் தலைவர் இன்னும் ஐந்து மாதம் இருக்கச் சொல்லிக் கேட்டது உன் தம்பி மூலம் உன் காதுக்கு வந்துவிட்டது. கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது என்று எனக்குத் தெரியும்.

வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுவது பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருகிற பிள்ளைகளின் வேலை. எங்களைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்தச் செலவில் வரும் தம்பதியருக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. இருக்கும் ஊருக்கு எது தேவையோ அதைச் செய்கிறோம். இந்த ஊருக்கு அதிகம் தேவைப்படுவது அப்பாவைத்தான். ஊழியக்காரப் பிள்ளைகள் தங்கியிருக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. கானாவில் எந்த வீட்டைப் பார்த்தாலும் உயரத்தில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நிற்கும், பாலிடேங்க் என்கிறார்கள். குழாயில் தண்ணீர் வராத நாள்களில் அதை நம்பித்தான் குடும்பமே இருக்கிறது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் கொசு உள்ளே போய் முட்டையிட்டுவிடும். யூட்டாவில், நம் ஊர் லோகனில் ஆயுள் முழுக்கக் குழாய் வேலை செய்த மனிதருக்கு ஏணியைக் கண்டால் போதும், ஏறிவிடுகிறார். நான் கீழே கொசுவலையில் கிழிசல் இருக்கிறதா, குடிநீர் வடிகட்டியைக் கழுவினார்களா, எரிவாயு உருளையின் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்கிறேன். இடது கையால் ஒருவருக்கு எதையும் கொடுப்பது இங்கே அவமரியாதை. அப்பாவோ இடதுகைக்காரர். பக்கத்து வீட்டுக்காரரிடம் திருகுசாவியை நீட்டும்போதெல்லாம் பாதியில் நிறுத்தி, வலது கைக்கு மாற்றி, ஒருமுறை தலை தாழ்த்திக் கொடுக்கிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் தெருவில் அவரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

வியாழன் மாலை பாத்வே வகுப்பு, நம் சபையின் இணையவழிக் கல்வித் திட்டம். இணையம் வழியாகப் படிக்கும் மாணவர்கள் வாரம் ஒருமுறை நேரில் கூடுகிறார்கள். நாங்கள் உடன் இருந்து உதவுகிறோம். அதில் ஒரு பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவும் அவளும் படகிலிருந்து மீன் எடுத்து, புகையில் வாட்டி விற்கிறார்கள். கையில் உள்ள ஒரே கைப்பேசியில்தான் அவள் பாடம் எல்லாம். டேட்டா தீர்ந்துவிட்டால் அன்றைய படிப்பும் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை யாரும் கடலில் வலை போடக் கூடாது என்பது இந்தக் கரையின் பழைய கட்டுப்பாடு. அது கடலுக்கு ஓய்வு நாள். அதனால் செவ்வாய் அவளுக்குப் படிப்பு நாள். காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவாள். வரும்போது புளித்த சோள மாவை வாழை வகை இலையில் கட்டி அவித்த கென்கேயும் பொரித்த மீனும் கொண்டு வருவாள். நான் கணக்குப் பாடத்தில் உதவுகிறேன் என்று பெயர். முதல் பருவம் முடிந்ததும் அவளுக்கு என் உதவி தேவைப்படவில்லை. ஆனாலும் வருகிறாள். எனக்கும் அவள் வர வேண்டும்.

சனிக்கிழமை பெரும்பாலும் துக்க வீடு. கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம், பந்தல், நாள் முழுக்கப் பாட்டு. எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். நேரமாகிவிட்டது என்று எழுந்து ஓடாத இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான். இளைய ஊழியக்காரர்களால் அப்படி உட்கார முடியாது. அவர்களின் நாள் மணிக்கணக்காகக் கட்டப்பட்டது.

இனி, நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. சென்ற மழைக்காலத்தில் நைஜீரியாவிலிருந்து வந்திருந்த ஓர் எல்டருக்கு, அதாவது இளைய ஊழியக்காரப் பையனுக்கு, மலேரியா வந்தது. நள்ளிரவில் அவனோடு ஊழியம் செய்யும் கூட்டாளி நடுங்கும் குரலில் அழைத்தான். காரில் போய்த் தூக்கி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். குளிரில் கட்டிலே ஆடியது. நான்கு போர்வை போட்டும் போதவில்லை. "அம்மாவிடம் சொல்ல வேண்டாம் சிஸ்டர், பயந்துவிடுவார்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். விடியும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் காய்ச்சல் இறங்கி, கஞ்சி குடித்தான். ஊழியத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு, அவன் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும் படத்தை அவன் அம்மாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. முழுக்க இக்போ மொழியில் ஜெபம். ஒரு சொல்லும் புரியவில்லை. முழுவதும் கேட்டேன், பிறகு அப்பாவையும் கேட்கச் சொன்னேன்.

தம்பி பிரேசிலில், ரெசிஃபியில், ஊழியம் செய்தபோது டெங்கு வந்து படுத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீயும் நானும் சமையலறையில் உட்கார்ந்து தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் தெரியாத ஒரு முதிய சகோதரியிடமிருந்து செய்தி வந்தது: இன்று சூப் குடித்தான், சிரித்தான், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று. அவரும் கணவரோடு எங்களைப் போல வந்தவர்தான். அவருக்கும் ஊரில் பேரப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய நேரத்திலிருந்துதான் நம் பிள்ளைக்குக் கொடுத்தார். அந்தக் கடனை அவரிடமே திருப்பித் தர வழியில்லை. நான் இங்கே வந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள். ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர் 1964-இல் நம் வேதமான மார்மன் புஸ்தகத்தைப் படித்து நம்பி, இந்தக் கரையோர ஊர்களில் தாமாகவே சபைகளை உருவாக்கினார். ஊழியக்காரர்களை அனுப்பச் சொல்லி சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமையகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், இல்லை என்ற கட்டுப்பாடு அப்போது நம் சபையில் இருந்தது. இங்குள்ள மூத்த சகோதரிகளின் முகத்தைப் பார்த்தபடி அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. 1978 ஜூனில் கட்டுப்பாடு நீங்கியது. ஜான்சன் அந்தச் செய்தியை நள்ளிரவில் பி.பி.சி. வானொலியில் கேட்டு அழுதாராம். அந்த ஆண்டின் கடைசியில் நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் முதன்முதலாக அனுப்பப்பட்டவர்கள் யார் தெரியுமா? ரெண்டல், ரேச்சல் மேபி. எட்வின், ஜானத் கேனன். வயதான இரண்டு தம்பதியர்.

பிறகு 1989 ஜூன் 14 அன்று கானா அரசு நம் சபைக்குத் தடை விதித்தது. வெளிநாட்டு ஊழியக்காரர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஆராதனைக் கூடங்கள் பூட்டப்பட்டன. 1990 நவம்பர் இறுதியில்தான் தடை நீங்கியது. அதுவரை இங்குள்ளவர்கள் அவரவர் வீட்டிலேயே ஞாயிறு திருவிருந்து எடுத்தார்கள். எங்கள் கிளையில், அதாவது இந்த ஊர்ச் சபையில், அந்தக் காலத்தைக் கண்ட ஒரு பாட்டி, பாயை விரித்து, ரொட்டியைத் துணியால் மூடி வைத்த இடத்தை எனக்குக் காட்டினார். 2004-இல் அக்ராவில் ஆலயம் திறக்கப்பட்டபோது ஊர்ப் பெண்களோடு பாட்டுப் பாடிக்கொண்டே பஸ்ஸில் போனாராம்.

அவர் வீட்டிலிருந்து திரும்பிய அன்றுதான் அப்பாவும் நானும் ஊழியத் தலைவருக்கு என்ன பதில் சொல்வது என்று பேசினோம். இந்தச் சபை நாங்கள் தாங்கி நிற்பது இல்லை. யாருமே இல்லாத காலத்திலும் நின்றது. பாத்வே வகுப்பை நடத்த அந்த மீன்காரப் பெண்ணுக்கே இப்போது தெரியும். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள அப்பா இரண்டு சகோதரர்களைப் பழக்கிவிட்டார். இரவில் காய்ச்சல் வரும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த தம்பதியர் சீக்கிரம் வர வேண்டும் என்று ஜெபிக்கிறேன். நீயும் ஜெபி.

இன்னொன்றும் யோசித்தேன். 1839 செப்டம்பரில் நம் சபையின் ஆரம்பகால அப்போஸ்தலர்கள் ஹீபர் கிம்பலும் பிரிகம் யங்கும் ஊழியத்துக்காக இங்கிலாந்துக்குப் புறப்பட்ட கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவள் நீ. மிசிசிப்பிக் கரையின் சதுப்பில் பரவிய குளிர்காய்ச்சல் இருவருக்கும், அதுவும் மலேரியாதான். கிம்பலின் மனைவி விலேட்டும் கைக்குழந்தையோடு காய்ச்சலில் கிடந்தார். வண்டி கொஞ்ச தூரம் போனதும் இருவரும் எழுந்து நின்று தொப்பியைச் சுழற்றி ஆர்ப்பரித்தார்கள். விலேட் எழுந்து வாசலுக்கு வந்து சிரித்த முகத்தோடு விடைகொடுத்தார். இந்தக் கதையை வண்டியில் நின்றவர்கள் பக்கமிருந்தே எப்போதும் சொல்கிறார்கள். வாசலில் நின்றவரைப் பற்றி ஒரு முழுப் பாடம் நடத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. நாங்கள் புறப்பட்ட நாளிலிருந்து வாசலில் நிற்பவள் நீ. வீட்டு வாடகை, அப்பாவின் ஓய்வூதியத் தாள்கள், கொலராடோவில் சித்தியின் அறுவை சிகிச்சை எல்லாம் உன் தலையில்தான் விழுந்தன. இந்த ஊழியத்தில் பாதி உன்னுடையது.

மார்ச்சில் வந்துவிடுகிறோம். ஊழியத் தலைவரிடம் சொல்லியாயிற்று. அவர் ஒரு சொல்லும் வருத்தமாகப் பேசவில்லை. சபையின் ஏப்ரல் மாநாட்டு வார இறுதிக்குள் வீட்டில் இருப்போம். கிளையில் உள்ள பெண்கள் உன் குழந்தை எந்தக் கிழமையில் பிறக்கப்போகிறது என்று இப்போதே கேட்கிறார்கள். இங்கே பிறந்த கிழமையை வைத்து ஒரு பெயர் உண்டு, அதையும் அவர்களே வைக்க வேண்டுமாம். சொல்லி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வாடகைக்கு இருக்கும் மாணவத் தம்பதியிடம் பிப்ரவரியிலேயே சொல்லிவிடு. அவர்களுக்கு வேறு வீடு தேட நேரம் வேண்டும். அடித்தளத்தில் உள்ள பெட்டிகளை நீ தூக்காதே. தம்பி வந்து தூக்கட்டும்.

அன்புடன்,
அம்மா