எங்க ரோட்ட நடந்து அளந்துட்டு தார் கணக்கு போடுங்க

எஸ்டிமேட் போட்ட அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

தென்காசி மாவட்டத்துல கேரளா எல்லையில இருக்க புளியரை பக்கத்துல, மலையடிவாரத்துல எங்க ஊர் ரோடு எந்த நெலமைல கெடக்குனு உங்களுக்கே தெரியும். புதுசா தார் போட வந்தவங்க, கடைசித் துண்டு வர்றதுக்குள்ள தார்க் கலவை தீந்துருச்சுனு, கலவைய விரிக்கிற பேவர் மெஷின், ரோலர் எல்லாத்தையும் ஏத்திட்டு போயிட்டாங்க, கேட்டா எஸ்டிமேட்ல அவ்ளோதான் இருக்குங்காங்க.

அந்தத் துண்டு ஏத்தம் வேற. சுரண்டிப் போட்ட ஜல்லி அப்படியே உருளுது. சொசைட்டிக்கு பால் கொண்டுபோற அண்ணாச்சி விடியக்கு முன்னாடி இருட்டுல வண்டிய விட்டு எறங்கி, ரெண்டு பக்கமும் கேன் தொங்க தள்ளிக்கிட்டே ஏறுதாரு, சறுக்குனா காலக் குடுத்துதான் தாங்கணும், கேன் சாஞ்சா அன்னைக்குப் பொழப்பே போச்சு, லேட்டானா சொசைட்டில பால் எடுக்க மாட்டாங்க. அவருக்கு வயசு அறுவதுக்கு மேலங்க.

நீங்க போடுற கணக்கு எங்களுக்கும் தெரியும். 1 கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம்னா 112.5 கனமீட்டர். ரோலர் ஓட்டி இறுகுன கலவை கனமீட்டருக்கு சுமாரா 2.3 டன், ஆக 260 டன் கிட்ட வரும். ஆனா அடியில இருக்க பழைய ரோடு மட்டமா இருந்தாதானே இது சரி? சராசரியா 1 சென்டிமீட்டர் பள்ளம் இருந்தாலே அத நெரப்ப மட்டும் இன்னும் 86 டன் வேணும். வளைவுல லாரி திரும்ப அகலம் கூட இருக்கு, அங்கயும் 3.75னே எழுதுனா எப்படிங்க பத்தும்? பள்ளத்த மட்டப்படுத்துறதுக்குத் தனியா கலவை எழுதணும்னு உங்களுக்கு நாங்களா சொல்லணும்? ஆபீஸ்ல உக்காந்து போட்ட கணக்கு இது, எறங்கி நடந்து அளந்துட்டு போடுங்க.

எங்க பக்கத்து ஜல்லியும் எம்சாண்டும் ராப்பகலா லாரி லாரியா கேரளாவுக்குப் போகுது, ரோட்ட ஒடைக்கிறதும் அந்த லோடுதான், எங்க ஊரு ஏத்தத்துக்கு மட்டும் கலவை இல்லனா வயிறு எரியுதுங்க. கோவத்துல கூடப் பேசிருந்தா பொறுத்துக்கோங்க.

தயவு செஞ்சு ஒரு நாள் டேப்போட வாங்க, பள்ளத்தையும் வளைவையும் சேத்து அளந்து, எத்தன டன்னுனு ஊர்ப் போர்டுல எழுதி வைங்க, ஜூன்ல சாரல் தொடங்குறதுக்குள்ள அந்த ஏத்தத்துக்கு தார் போட்டுக் குடுங்க. அளக்க வரும்போது நாங்களும் கூட வந்து டேப் பிடிக்கோம்.

இப்படிக்கு,
புளியரை பக்கத்து ஊர்க்காரங்க