குற்றம் ஊக்கியில்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாவித்த சமையல் எண்ணெயில் பயோடீசல் செய்யும் மாணவர் செயற்றிட்டங்களைப் பற்றி அடிக்கடி வாசிக்கிறோம். காத்தான்குடி, கல்முனைச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, நல்ல முயற்சிதான். ஆனால் 100 கிலோ பயோடீசலுக்கு ஏறத்தாழ 10 கிலோ கிளிசரோல் என்ற பாகு போன்ற திரவமும் கூடவே வந்து அடியில் தங்கும். அதைப் பயனுள்ள பொருளாக மாற்றும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது வெளிமாவட்டப் பல்கலைக்கழகமொன்றில் இறுதியாண்டு. கிளிசரோலை ஐதரசனுடன் தாக்கமுறச் செய்து புரொப்பிலீன் கிளைக்கோல் எடுப்பதுதான் அவளுடைய ஆய்வு. மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் தேவைப்படும் பொருள் அது. தாக்கத்தை விரைவாக்கும் செம்பு ஊக்கிகள் மூன்று தயாரித்து, 200 பாகை செல்சியஸ் அளவில், உயர் அமுக்கத்தில் பரிசோதித்தாள். மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே தாக்க வீதம். ஊக்கியின் அளவை இரட்டிப்பாக்கியும் வீதம் அசையவில்லை. ஊக்கிகள் சரியில்லை என்று எழுதி முடிக்கச் சொல்லிவிட்டார்களாம். கேட்டபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வெவ்வேறு ஊக்கிகள் ஒரே வீதம் தந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊக்கியை அல்ல. புதிய பாலம் வருமுன், ஒடுங்கிய கல்லடிப் பழைய பாலத்தில் எந்த வாகனமும் ஒரே வேகத்தில்தானே ஊர்ந்தது? ஐதரசன் வாயு முதலில் திரவத்தில் கரைய வேண்டும். பிறகு ஊக்கித் துணிக்கையைச் சூழ்ந்திருக்கும் திரவப் படலத்தைக் கடக்க வேண்டும். அப்புறம் ஊக்கியின் நுண்துளைகளுக்குள் பரவிப் போக வேண்டும். இவற்றில் எது மிக மெதுவோ அதுவே வீதத்தைத் தீர்மானிக்கும். கிளிசரோலோ 20 பாகையில் தண்ணீரைவிட ஏறத்தாழ 1400 மடங்கு பாகுத்தன்மை உடையது. சூடாக்கினால் வெகுவாக இளகும், சரி. ஆனாலும் ஐதரசன் அதில் கரைவது சொற்பமே. ஊக்கியைக் கூட்டியும் வீதம் கூடவில்லை என்றால், வாயு திரவத்துக்குள் இறங்கும் இடத்திலேயே தடை என்றுதான் நான் நினைப்பேன்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். கலக்கியின் வேகத்தைக் கூட்டுங்கள். வீதமும் கூடினால் தடை துணிக்கைக்கு வெளியே. கூடாவிட்டால் ஊக்கியை அரைத்துச் சலித்து, சிறிய துணிக்கைகளோடு திரும்பச் செய்யுங்கள். இப்போது கூடினால் தடை துளைகளுக்குள். துளைக்குள் நடப்பதை 1939இலேயே இரசாயனப் பொறியியலாளர் தீலே கணக்காகத் தந்துவிட்டார். துளைப் பரவல் கடுமையாகத் தடுக்கும்போது அளந்து பெறும் ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நடக்கத் தாண்ட வேண்டிய சக்தித் தடை, உண்மைப் பெறுமானத்தில் பாதியளவே இருக்கும். அதைப் பார்த்து, தன் ஊக்கி ஏவற்சக்தியைக் குறைத்துவிட்டது என்று ஒரு மாணவர் மகிழ்ந்துபோகவும் கூடும். விளைபொருள் வெளியேற வழியின்றி உள்ளேயே மேலும் தாக்கமுற்று வேறொன்றாகிவிடுவது இன்னொரு தொல்லை.

அந்தப் பிள்ளை கலக்கியின் வேகத்தை மாற்றி மீண்டும் செய்ய அனுமதி கேட்டிருக்கிறாள். கிடைக்க வேண்டும்.

வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் இத்தகைய ஆய்வுகளை மேற்பார்வை செய்வோரிடம் எனது வேண்டுகோள் இதுதான்: ஊக்கி பற்றிய அறிக்கை கைக்கு வந்ததும் கலக்கியின் வேகமும் துணிக்கையின் பருமனும் அதில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புள்ளியைக் குறைக்காமல் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் ஒரு கிழமை ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.