கிளைடர் போட்டி நல்லபடியா முடிஞ்சுது, காசிமேட்டுக்கும் மத்த எல்லாருக்கும் என் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போட்டி முடிஞ்சு வேலைக்கும் திரும்ப போயாச்சு, ஆனா ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு சொல்ல ஆரம்பிச்சா கண்டிப்பா யாரையாவது விட்டுடுவேன், அப்புறம் எங்க தெருவுல அது ஒரு பேச்சாயிடும், அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

என்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் காசிமேட்டு பொண்ணு, நைனா மீன்பிடி தொழில், இப்போ இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். லீவு கெடைக்கிறப்பல்லாம் லாஷம்னு ஒரு ஏர்ஃபீல்டுல கிளைடர் ஓட்டுறேன், ரெண்டாம் உலகப்போர் காலத்துல போர் விமானத்துக்காக போட்ட ரன்வே அது, இப்போ கிளைடிங்குக்கு பேர் போன எடம். இந்த தடவ இங்க நடக்கற தேசிய போட்டில, பழைய மாடல் கிளைடருங்களுக்கான கிளப் கிளாஸ் பிரிவுல கலந்துக்க எனக்கு எடம் கெடைச்சுது. நம்ம நாட்டுல இது இல்லையான்னு நெறைய பேர் கேக்குறீங்க, புனே பக்கத்துல ஹடப்சர்ல மத்திய அரசோட விமானப் போக்குவரத்து இயக்ககம், அதான் டிஜிசிஏ, அவங்க கிளைடிங் சென்டர் இருக்கு, ஆசை இருக்கற பிள்ளைங்க அங்க விசாரிச்சு பாருங்க.

கிளைடருக்கு என்ஜின் கெடையாது. இன்னொரு சின்ன விமானம் கயிறு கட்டி 2000 அடி வரைக்கும் இழுத்துட்டு போய் விடும், அதுக்கப்புறம் நம்ம பாடு. நான் ஓட்டுறது எல்எஸ்4, ரெக்கை இந்த முனைல இருந்து அந்த முனைக்கு 15 மீட்டர், 1980கள்ல ஜெர்மனில செஞ்ச டிசைன், ஒரு மீட்டர் எறங்கறதுக்குள்ள 40 மீட்டர் முன்னாடி போகும். நம்ம கணக்குல சொல்லணும்னா பாரிமுனைக்கு மேல ஒரு கிலோமீட்டர் ஒசரத்துல விட்டா, காத்தே இல்லாத நாள்ல கும்மிடிப்பூண்டி வரைக்கும் வந்து எறங்கிடும். அதுக்கு மேல போகணும்னா மேல ஏறுற காத்த தேடி கண்டுபிடிச்சு அதுக்குள்ள வட்டம் போடணும், ஹார்பர்ல மீன் ஏலம் நடக்குறப்ப மேல பருந்து சுத்துமே, ரெக்கைய ஆட்டாமலே ஏறிக்கிட்டு போகுமே, அதே காத்துதான், அதே வேலைதான்.

இந்த தடவ வானம் கொஞ்சம் கூட ஒத்துழைக்கல. ஆரம்பத்துல மழை, காலைல எல்லா கிளைடரையும் ரன்வேல வரிசையா நிறுத்தி வெச்சுட்டு ரெக்கை மேல தண்ணிய தொடச்சுக்கிட்டே நிப்போம், மத்தியானம் ஆனதும் இன்னைக்கு போட்டி ரத்துன்னு சொல்லிடுவாங்க. நெறைய பேருக்கு கோவம் வந்துச்சு. ஆனா ரத்து பண்ண அந்த போட்டி டைரக்டருக்கு நான் மனசார நன்றி சொல்றேன், ஏன்னா ஒரு நாள் ரத்துன்னு அறிவிச்சு ஒரு மணி நேரம் கூட ஆகல, நாங்க பறந்திருக்க வேண்டிய பக்கம் பூராவும் கன்னங்கரேல்னு மூடிக்கிட்டு வந்துடுச்சு. பேர் கெட்டாலும் பரவாயில்லன்னு முடிவெடுக்கற ஆள் இருந்தாதான் மத்தவங்க பத்திரமா வீடு போய் சேர முடியும்.

இப்போ முதல் நன்றி, காசிமேட்டு மாமாவுக்கு. சொந்த மாமா இல்ல, நைனாவோட ஒண்ணா போட்டுக்கு போனவரு. ஏப்ரல் 15ல ஆரம்பிக்கிற மீன்பிடி தடைக்காலம் இப்போ 61 நாள், நான் சின்ன பொண்ணா இருக்கப்ப 45 நாள்தான், அந்த நாள்ல போட்டெல்லாம் கரைல நிக்கும், மாமாவும் நைனாவும் வலைய விரிச்சு போட்டுக்கிட்டு கிழிசல் பின்னுவாங்க, நானும் தங்கச்சியும் பக்கத்துல ஊசிக்கு நூல் சுத்தி குடுப்போம். அப்போ மாமா பேசறது பூராவும் காத்த பத்திதான். இது வாடை, இது கச்சான், இது கொண்டல், இப்போ அடிக்கிறது இன்னும் ஒரு மணி நேரம்தான் நிக்கும், அப்புறம் திரும்பிடும்னு சொல்லுவாரு, திரும்பும். ஒரு நாள் மேகத்த காட்டி எது மழை குடுக்கும்னு கேட்டேன். "மேகத்தோட தலைய பாத்து இன்னாமா பண்ணப் போற, அடிவயித்த பாரு, அதான் உண்மைய சொல்லும்" அப்படின்னாரு. பல வருஷம் கழிச்சு இங்க என் இன்ஸ்ட்ரக்டர் பின் சீட்ல உக்காந்துக்கிட்டு சொன்ன முதல் பாடமும் அதேதான், மேல பஞ்சு பஞ்சா பொங்கி இருக்கறத பாத்து ஏமாறாத, அடி தட்டையா கருப்பா எங்க இருக்கோ அங்க போ, அதுக்கு கீழதான் காத்து ஏறும்னாரு.

மாமா, நீங்க சொன்ன இன்னொரு விஷயம்தான் போட்டில எனக்கு சோறு போட்டுச்சு. ரெண்டு காத்து மோதுற எடத்துல தண்ணி மேல ஒரு கோடு விழும், ஒரு பக்கம் சிலுசிலுன்னு அலை, இன்னொரு பக்கம் வழவழன்னு, அந்த கோட்டு மேல நுரையும் குப்பையும் சேந்து நிக்கும்னு சொல்வீங்கல்ல. அதே கோடு வானத்துலயும் உண்டு. மெட்ராஸ்ல மத்தியானம் கடல்காத்து உள்ள வர்ற மாதிரி தெற்கு இங்கிலாந்துலயும் கடல்காத்து கரைய தாண்டி பல மைல் உள்ள வரும். அந்த குளுந்த காத்து கனமா இருக்கறதால தரையோட ஊந்து வந்து உள்நாட்டு சூடான காத்த மேல தூக்கும், தூக்குற எடம் ஒரே நீளமான கோடா இருக்கும். லாஷம்ல இருந்து பறந்தே ஜான் சிம்ப்சன்ங்கற விஞ்ஞானி இத ஆராய்ச்சி பண்ணிருக்காரு. கோட்டுக்கு நிலத்து பக்கம் இருந்தா ஏறலாம், கடல் பக்கம் தப்பி போயிட்டா காத்து செத்து கெடக்கும், நேரா கீழதான்.

பறக்க முடிஞ்ச ஒரு நாள், பந்தயத்துல சுத்தி வர சொன்ன எடங்கள்ல கடைசி திருப்பத்த தாண்டி லாஷமுக்கு திரும்பி வர்றேன், முன்னாடி இருந்த நல்ல மேகமெல்லாம் கலைஞ்சுக்கிட்டே இருக்கு, தெற்கு பக்கம் பாத்தா வழக்கமான அடிமட்டத்துக்கு கீழ கிழிஞ்ச துணி துணியா சின்ன மேகம் ஒரே வரிசைல தொங்குது, அதுக்கு அந்தப் பக்கம் பூராவும் பனிமூட்டம் மாதிரி மங்கல். பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு. கூட பறந்துக்கிட்டிருந்தவங்க சில பேர் வடக்க நல்லா தெரிஞ்ச ஒரு பெரிய மேகத்துக்கு போனாங்க, நான் அந்த கிழிசல் வரிசைக்கு நிலத்து பக்கமா ஒட்டி போனேன். முதல்ல சீட்டுக்கு அடில ஒரு முட்டு, அப்புறம் வேரியோ, அதான் ஏறுதா எறங்குதான்னு சத்தம் போட்டு சொல்ற மீட்டர், அது பீப் பீப்னு ஆரம்பிச்சுது, நிக்கவே இல்ல. வட்டம் போட வேண்டிய அவசியமே வரல, நேரா போய்க்கிட்டே ஏறுறேன், சத்தியமா சொல்றேன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அன்னைக்கு முதல் பத்துக்குள்ள வந்தேன். அந்த எடம் உங்களோடது மாமா.

அதுக்கு முந்தின பந்தயம் அப்படி அமையல. போகி காலைல புகை மேல போகாம தெருவுலயே நிக்கும்ல, 2018ல மீனம்பாக்கத்துல ஃபிளைட்டெல்லாம் திருப்பி விட்டாங்களே, அதுக்கு காரணம் மேல சூடான காத்து ஒரு அடுக்கு மூடி போட்ட மாதிரி நிக்கிறது. அன்னைக்கு இங்கயும் அப்படி ஒரு அடுக்கு, ஆனா கொஞ்சம் ஒசரத்துல. மேகம் ஏறி அதுல முட்டி, மேல போக வழி இல்லாம பக்கவாட்டுல பரவி, வானம் முழுக்க மூடிடுச்சு. வெயில் தரைய தொடல, வெயில் இல்லன்னா ஏறு காத்தும் இல்ல. எங்கள்ல பாதிக்கு மேல திரும்பி வர முடியாம ஆளுக்கொரு வயல்ல எறங்கினோம்.

இங்கதான் என் இன்ஸ்ட்ரக்டருக்கு நன்றி. ரிட்டயர்டான மனுஷன், ஒரு பைசா வாங்காம வாராவாரம் சொல்லிக் குடுத்தவரு, கிளப்ல எல்லாரும் அப்படித்தான். 1500 அடிக்கு வந்துட்டா மேகத்த மறந்துடு, வயல தேடுன்னு என் மண்டைல ஏத்துனவரு அவருதான். கோதுமை அறுத்த வயலா பாரு, கரண்ட் கம்பி இருக்கா பாரு, மாடு மேயுதா பாரு, மேடு ஏறுற பக்கமா எறங்குன்னு அவரு கொரல் அன்னைக்கு காதுக்குள்ள கேட்டுது. ஒரு கீறல் இல்லாம எறங்கினேன்.

அந்த வயலுக்கு சொந்தக்கார பெரியவரு நாலு சக்கர பைக்குல வந்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன், அவரு முதல்ல கேட்டது உனக்கு ஒண்ணும் ஆகலயே, வீட்டுக்கு சொல்லிட்டியான்னுதான். கிளைடர கழட்டி ஏத்திட்டு போக வர்ற டிரெய்லர் அந்த சின்ன கேட்டுல திரும்பாதுன்னு அவரே யோசிச்சு, பின்பக்கம் இன்னொரு வழிய தொறந்து விட்டு, நாங்க கெளம்புற வரைக்கும் டிராக்டர் வெளிச்சம் போட்டுக்கிட்டு நின்னாரு. வீட்டம்மா டீயும் கேக்கும் குடுத்து அனுப்புனாங்க. பணம் குடுத்தேன், கைய தட்டி விட்டுட்டாரு. அவருக்கு தமிழ் தெரியாது, தனியா கார்டு போட்டிருக்கேன், இருந்தாலும் அவரு செஞ்சது நம்ம ஊருக்கும் தெரியட்டும்.

அந்த ராத்திரி டிரெய்லர் ஓட்டிக்கிட்டு வந்தது தண்டையார்பேட்டை சித்தி பையன், என் தம்பி. ரெடிங்ல டாக்ஸி ஓட்டுறான், போட்டி முழுக்க லீவு போட்டு எனக்கு க்ரூவா வந்தான், வேல செஞ்சாதான் அவனுக்கு காசு. இந்த ஊர்ல 2021 டிசம்பர்ல இருந்து டிரெய்லர் இழுக்க சாதாரண கார் லைசென்ஸே போதும், ஆனா லைசென்ஸ் இருக்கறது வேற, வண்டி ஒதுங்கக் கூட எடம் இல்லாத கிராமத்து ரோட்டுல அவ்ளோ நீள டிரெய்லர ரிவர்ஸ் எடுக்குறது வேற. வந்து எறங்குனதும் அக்கா சாப்பிட்டியான்னுதான் கேட்டான். ரெண்டு ரெக்கையையும் கழட்டி டிரெய்லர்ல ஏத்தி, திரும்ப காலைல அஞ்சரை மணிக்கு எழுந்து பனில நனைஞ்சுக்கிட்டே மாட்டணும். ரெக்கை முனைய அவன் பிடிச்சுக்கிட்டு ஒரு நூல் மேல, ஒரு நூல் கீழன்னு ஆட்டுவான், நான் உள்ள பாத்துக்கிட்டே இருப்பேன், ரெண்டு ஓட்டையும் நேரா வர்ற அந்த நொடில ரெக்கைய பூட்டுற கம்பிய உள்ள தள்ளணும். அப்புறம் அவன் ரெக்கைல இருக்கற தகட்ட அழுத்தி பிடிச்சுப்பான், நான் உள்ள இருந்து ஸ்டிக்க அசைச்சு பாப்பேன், எல்லாம் சரியா மாட்டிருக்கான்னு தெரிய. எவ்ளோ தூக்கம் வந்தாலும் ஒரு நாள் கூட அந்த செக்க அவன் விட்டதில்ல, ரன்வேல கிளைடர் நகர்ற வரைக்கும் அக்கா செக் பண்ணோம்லன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். என் உசுர உன் கைல குடுத்துட்டுதான்டா நான் மேல போனேன், கொஞ்சம் கூட பயம் இல்ல.

என் தங்கச்சி காசிமேட்டுல இருந்தபடியே ஒரு கண்ட்ரோல் ரூம் நடத்துனா. எங்க கிளைடர் எல்லாத்துலயும் ஃபிளார்ம்னு ஒரு கருவி இருக்கு, ஒண்ணு மேல ஒண்ணு மோதாம எச்சரிக்க பண்றதுக்கு, அந்த சிக்னல தரைல இருக்கற ரிசீவர்கள் பிடிச்சு மேப்புல புள்ளியா காட்டும். இங்க சாயங்காலம் நாலு மணின்னா அங்க ராத்திரி எட்டரை, சாப்பாட்டு நேரம், எங்க வீட்டு ஹால்ல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்து அந்த புள்ளியதான் பாத்துருக்காங்க. நான் வயல்ல எறங்குன அன்னைக்கு புள்ளி நின்னுடுச்சு, ஆயா அழ ஆரம்பிச்சுடுச்சு. தங்கச்சிதான், தாழ வந்தா சிக்னல் மறைஞ்சுடும் ஆயா, அக்கா எறங்கி போன் பண்ணுவான்னு திரும்ப திரும்ப சொல்லிருக்கா. தைரியமா சொன்னாளே தவிர அவ கை நடுங்குனத அம்மா அப்புறமா எங்கிட்ட சொன்னாங்க. ராயப்பர் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துன அத்தைக்கும், அங்காளம்மனுக்கு வேண்டிக்கிட்ட எதிர் வீட்டு அக்காவுக்கும் என் நன்றி, ரெண்டு சாமியும் பாத்துக்குச்சு.

வார்டுல ஷிஃப்ட் மாத்திக்கிட்டவங்க, அதுலயும் தொடர்ச்சியா நைட் எடுத்து எனக்கு லீவு விட்ட கோட்டயம் சேச்சி, கிளைடர்ல என்னோட பங்குதாரர்ங்க ரெண்டு பேர், அவங்க பறக்க வேண்டிய நாளையும் எனக்கே விட்டுக்குடுத்தாங்க, இழுவை விமானம் ஓட்டுனவங்க, மழைல கயிறு மாட்டி ரெக்கை பிடிச்சுக்கிட்டு ஓடுன சின்ன பசங்க, உங்க எல்லாருக்கும் நன்றி.

மொத்த பட்டியல்ல நடுவுலதான் வந்தேன், அதுல எனக்கு முழு சந்தோஷம், அந்த வானத்துல அது சும்மா வர்ற எடம் இல்ல.

கடைசியா, எங்க தெரு ஏலச்சீட்டு அத்த. கிளைடர்ல பங்கு வாங்க எனக்கு பணம் பத்தாதப்ப, இது என்னா வண்டி, எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்காம என் பேர்ல சீட்ட எடுத்து குடுத்தவங்க. அத்த, இந்த மாச தவணைய தங்கச்சி அக்கவுண்ட்ல போட்டுட்டேன், பத்தாம் தேதிக்குள்ள வீட்டுல கொண்டாந்து குடுப்பா. டிசம்பர்ல ஊருக்கு வர்றப்ப போட்டோ எல்லாம் எடுத்துட்டு வரேன், மாமாவையும் வர சொல்லி வெய்யுங்க.