தென் லண்டன் தமிழ் உறவுகளுக்கு: நட்டஈட்டு மனுவுக்குத் தோள் கொடுத்தமைக்கு நன்றி

அன்பான உறவுகளுக்கும், எங்களைத் தங்களில் ஒருவராக நடத்திய கரிபியன் அயலவர்களுக்கும் வணக்கம்.

அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்களின் சந்ததியினருக்கு நட்டஈடு வழங்குவது பற்றி ஆராய, அனைத்துக் கட்சி விசாரணை ஆணைக்குழு ஒன்றை பிரித்தானிய நாடாளுமன்றம் அமைக்க வேண்டும் என்று கேட்கும் மனு நம் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டது. பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது. வழக்கமான அலுவலக நடை, சில வரிகள். அதைப் படித்துத் துள்ளிக் குதிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாள்களில் இத்தனை தமிழ்ப் பெயர்களை யாருமே எதிர்பார்க்கவில்லை, நானும்தான். அதற்குக் காரணமானவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி மளிகைக்கடை அண்ணாவுக்கு. மனுத் தாளை அவர் மூலையில் ஒட்டிவைக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு முன்னால் வைத்தார். "எங்கள் பிரச்சினைக்கே தீர்வு இல்லை, மற்றவர்களுக்கு ஏன் கையெழுத்து?" என்று கேட்டவர்கள் நிறையப்பேர். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக நீதி கேட்டுக் களைத்துப்போன ஒரு சமூகத்திடம் அந்தக் கேள்வி வருவது இயல்பு. நான் நீளமாக விளக்கத் தொடங்குவேன். அண்ணா இடைமறித்து, "2015க்கு முன்னர் இந்த நாட்டில் வரி கட்டினீர்களா? கட்டினீர்கள் என்றால் உங்கள் காசும் அதில் போயிருக்கிறது, போடுங்கள்" என்பார். பலர் அதிர்ந்துபோய் என்ன காசு என்று கேட்பார்கள். அப்புறம்தான் பேச்சே தொடங்கும்.

என்ன காசு என்பதை இன்னும் அறியாதவர்களுக்காக இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியா 1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது நட்டஈடு வழங்கத்தான் செய்தது. 2 கோடி பவுண். அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. அது முழுவதும் போய்ச் சேர்ந்தது அடிமைகளை வைத்திருந்தவர்களின் கைக்கு. "சொத்து" பறிபோகிறதே என்று அவர்களுக்கு ஈடு. விடுவிக்கப்பட்ட ஏறத்தாழ 8 இலட்சம் மக்களுக்கு ஒரு பென்னி கூட இல்லை. அதோடும் விட்டார்களா? பயிற்சிக்காலம் என்று ஒரு பெயரைச் சூட்டி, 1838 ஓகஸ்ட் வரை அதே எசமானர்களிடம் வாரத்துக்கு 45 மணி நேரம்வரை கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். அந்த 2 கோடியில் பெரும்பகுதியை அரசு கடனாக வாங்கியது. கடன் வேறு அரச கடன்களோடு கலந்து, தலைமுறைகளைத் தாண்டி உருண்டு, 2015 இல்தான் முழுதாகத் தீர்ந்தது. 2018 இல் நிதியமைச்சே இதை ஏதோ நல்ல செய்திபோல் சமூக வலைத்தளத்தில் வெளியிட்டு, கண்டனம் எழுந்ததும் நீக்கிக்கொண்டது. ஆக, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து வரி கட்டிய நம்மவர்களும், கரிபியனில் இருந்து வந்து பஸ் ஓட்டி வரி கட்டியவர்களும் சேர்ந்தே அந்த எசமானர்களின் கணக்கைத் தீர்த்துக் கொடுத்திருக்கிறோம். தன் முப்பாட்டியை உடைமையாக வைத்திருந்தவனுக்குக் கொடுத்த காசுக்குப் பேத்தி வரி கட்டியிருக்கிறாள்!

நூலகத்தில் மடிக்கணினிகளோடு உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அடுத்த நன்றி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற பதிவுகளைத் தொகுத்து எவரும் தேடிப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் வருகிறவர்களிடம் தெருப் பெயரைக் கேட்டுத் தேடிக் காட்டினார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் பெரும் தோட்ட முதலாளிகள் என்றே பலர் எண்ணியிருந்தோம். பாதிரிமார்கள் இருந்தார்கள். கரிபியனைக் கண்ணாலும் பார்த்திராத விதவைகள், ஓரிருவரை மட்டும் உடைமையாக வைத்து அதில் வந்த வருமானத்தில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜோன் கிளாட்ஸ்டன் 2,508 பேருக்காக ஒரு இலட்சத்து ஆறாயிரம் பவுணுக்கு மேல் வாங்கியிருக்கிறார். அதே மனிதர்தான், அடிமைகளின் இடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கயானாவுக்கு இறக்கும் திட்டத்துக்கும் முன்கை எடுத்தவர். முதல் இரண்டு கப்பல்கள் 1838 மே மாதம் அங்கே கரைசேர்ந்தன. பின்னர் மதராசிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. இவ்வளவையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் அப்பப்பாவுக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து கேட்டேன். அவளுடைய தமிழில் ஆங்கிலம் கொஞ்சம் தூக்கல்தான், அதனால் என்ன.

மலையகத்தைச் சேர்ந்த அந்த ஐயாவின் பேச்சைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை முடிந்து கோப்பிச் செய்கை சரிந்தபோது, அந்த இடத்தைப் பிடிக்க இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. யமேக்காவில் தொழில் பழகிய ரொபர்ட் போய்ட் டைட்லர் என்ற துரை 1837 இல் அந்தச் சாகுபடி முறையை இலங்கைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தோட்டங்களுக்காகத்தான் எங்கள் முன்னோர் கடல் தாண்டி நடந்தே மலைக்குப் போனார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "நாங்கள் பட்டதும் அவர்கள் பட்டதும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகளைச் சந்தையில் வைத்து விற்கவில்லை" என்றார். இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிட்டுக் கைதட்டல் வாங்குவது எளிது. ஐயா அதைச் செய்யாததற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பார்படோசில் பிறந்து இங்கே தாதியாக ஓய்வுபெற்ற அம்மா, நம் முதியோர் ஒன்றுகூடலுக்கு அழைப்பை ஏற்று வந்தார். எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான்: ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும்? அவர் சிரித்துவிட்டு, கரிபியன் நாடுகளின் கூட்டமைப்பு 2014 இல் முன்வைத்த பத்து அம்சத் திட்டத்தை எடுத்து வாசித்தார். முழுமையான, முறையான மன்னிப்பு முதல் அம்சம். கடன் தள்ளுபடி, தொழில்நுட்பப் பரிமாற்றம், எழுத்தறிவு, பொதுச் சுகாதாரம் என்று நீள்கிறது பட்டியல். ஆளுக்கொரு காசோலை என்று அதில் எங்கும் இல்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கரிபியனை வாட்டுவதைச் சுகாதார அம்சத்தோடு சேர்த்து அவர் விளக்கியபோது, மாத்திரைப் பெட்டியோடு வந்திருந்த நம் முதியவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மண்டபத்தில் அன்று அதிகம் பேசப்பட்டது அதுதான்.

பிரசுரத்தைத் தமிழாக்கிய இரு ஆசிரியைகள், அடக்க விலைக்கு அச்சடித்துத் தந்த அச்சகத்தார், "அரசியல் கூடாது" என்று ஒரு மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்தபோது தங்கள் தேவாலயக் கூடத்தைத் திறந்துவிட்ட கரிபியன் சபையார், தேநீருக்கு வடை சுட்டுத் தந்த அக்காமார், எல்லோருக்கும் நன்றி. கையெழுத்துப் போட மறுத்தும் கடைசிவரை இருந்து வாதாடியவர்களுக்கும் நன்றி. உங்களில் இருவர் கேட்ட கேள்விகளால்தான் பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பு முதலாவதைவிடத் தெளிவாக இருக்கிறது.

இந்தக் கோரிக்கை நேற்று முளைத்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அகதி விண்ணப்பத்தோடு அலைந்துகொண்டிருந்த 1993 இலேயே, கயானாவில் பிறந்த டொட்டன்ஹாம் நாடாளுமன்ற உறுப்பினர் பேர்னி கிராண்ட் இந்த நட்டஈட்டு இயக்கத்தை இங்கே முன்னெடுத்தார். அவர் 2000 இல் காலமானார். 2024 ஒக்டோபரில் சமோவாவில் கூடிய பொதுநலவாயத் தலைவர்கள், இதுபற்றிப் பேசும் காலம் வந்துவிட்டது என்று கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். நட்டஈடு தருவதாக லண்டன் இன்னும் சொல்லவில்லை. பேசலாம் என்ற இடத்துக்கு வரவே இத்தனை காலம்.

அச்சுச் செலவு போக மிஞ்சிய பணத்தைத் தேவாலயக் கூடத்தின் மின்சாரக் கட்டணத்துக்குக் கொடுத்துவிட்டோம். வரவு செலவுத் தாள் கடையில் ஒட்டப்பட்டிருக்கிறது, யாரும் பார்க்கலாம். மீதமுள்ள பிரசுரங்களும் அங்கேயே இருக்கின்றன. ஓகஸ்ட் முதலாம் திகதி, அடிமை ஒழிப்பு நாளன்று, பிரிக்ஸ்டன் விண்ட்ரஷ் சதுக்கத்துக்கு எங்களோடு வர விரும்புகிறவர்கள் கடை அண்ணாவிடம் பெயர் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலும் நடக்க ஏற்ற சப்பாத்தும் மறக்க வேண்டாம். வடை சுடும் பொறுப்பை இந்த முறை ஆண்கள் எடுத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
மனுக் குழுவின் சார்பில் உங்களில் ஒருவன்