எலும்பு கூடிவிட்டது, நன்றி பாக்கி இருக்கிறது

கிருஷ்ணகிரியிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் சைக்கிள் பிள்ளைகளை அறிந்த அனைவருக்கும் வணக்கம்.

கே.ஆர்.பி. அணைச் சாலையில் விழுந்து அடிபட்ட எங்கள் மாணவி நலமாக இருக்கிறாள். இடது காரை எலும்பு கூடிவிட்டது. பள்ளிக்குப் போகிறாள், போன வாரம் வண்டியிலும் ஏறிவிட்டாள். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

நடந்தது இவ்வளவுதான். விடிகாலைப் பயிற்சியில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. முன் சக்கரம் அதில் மோதி, தோள் தரையில் அடிக்கும்படி விழுந்தாள். ஹெல்மெட் விரிசல் விட்டது.

முதல் நன்றி, மாங்கூழ் ஆலைக்குக் காய் ஏற்றிப் போன டெம்போ அண்ணனுக்கு. வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பின்னால் வந்த லாரிகளை மறித்தார். நாங்கள் பதறிப்போய் அவளைத் தூக்கப் போனபோது, "யாரும் தூக்காதீங்க, கழுத்துல அடி இருக்கும்" என்று அதட்டியவரும் அவர்தான். 108க்குப் போன் போட்டுவிட்டு, "இதுக்கு ஸ்டேஷன், கோர்ட்டுன்னு இழுப்பாங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். இழுக்க முடியாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு அது பாதுகாப்பு. அவர் விரும்பாவிட்டால் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. நம் மாவட்டத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது. அந்த அண்ணனும் பெயர் சொல்லாமலேதான் போனார்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய ஆயா, புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடலாம் என்று பிடிவாதமாக நின்றார். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இந்த வயசுல காரை எலும்பு, கையைத் தொட்டில் கட்டி அசையாம வச்சாலே பெரும்பாலும் கூடிடும் ஆயா. எனக்கு எலும்பை விடத் தலையைப் பத்தித்தான் யோசனை" என்றார். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி இதில் எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். முதலில் பள்ளி, அப்புறம்தான் சைக்கிள். அதுவும் படிப்படியாக, ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தலைவலி வந்தால் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும். அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி போடக்கூடாது என்பதையும் மறக்காமல் சொன்னார்.

இனி என் கதை. குறுக்கே வந்தது நாய்தான், தெரியும். ஆனால் அந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்தது நான். "இன்னும் கொஞ்சம் வேகம்" என்று கத்தியதும் நான். ராத்திரியில் இதே இரண்டு நினைப்பும் மாறி மாறி வரும். "உங்க தப்பு இல்ல சார்" என்று சொன்னவர்களுக்கு நன்றி. உண்மையைச் சொன்னால் அது அப்போது காதில் ஏறவில்லை. பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பிள்ளை ஆயிற்றே.

தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்த என் பழைய பி.இ.டி. மாஸ்டர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. "நோட்டை எடு" என்றார். வண்டிக்கு வண்டி இடைவெளி இருந்ததா, பிரேக் பார்த்தாயா, ஹெல்மெட் வார் இறுக்கமாக இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வைத்தார். எல்லாம் இருந்தது. "நாயை உன்னால கட்டிப்போட முடியாது. மாத்தக்கூடியது ஏதாச்சும் இருக்கான்னு மட்டும் பாரு" என்றார். இருந்தது: எங்களில் ஒருவருக்கும் முதலுதவி தெரியாது. அன்றே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தோம். வெகு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

அவள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு வகை நன்றி. தினமும் சாயங்காலம் போய் அவள் கட்டிலருகே முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் வாசலில் நிறுத்தி, "சார், நீங்க இப்படி இருந்தா, தன்னாலதான் உங்களுக்குக் கெட்ட பேருன்னு அவ அழுவுறா. வர்றதுன்னா கணக்குப் பாடம் சொல்லிக் குடுங்க" என்றார். சுருக்கென்றிருந்தது. அடிபட்டவள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. மறுநாளிலிருந்து இயற்கணிதம்தான். அவளுக்கு அது பிடிக்காது, ஆனால் சிரித்தாள்.

மற்ற பெற்றோர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகளை அனுப்பினீர்கள். சிலர் பைக்கில் பின்னாலேயே வந்தீர்கள். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது: வரிசைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பைக், அதில் முதலுதவிப் பெட்டி.

புது ஹெல்மெட்டுக்கென்று நீங்கள் சேர்த்த பணத்தில் ஹெல்மெட் வாங்கியது போக மீதி இருக்கிறது. அதில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு ஹெல்மெட் மாற்றலாம் என்று நினைக்கிறோம். வேறு யோசனை இருந்தால் ஞாயிறு பயிற்சிக்கு வரும்போது சொல்லுங்கள், கணக்கு நோட்டும் அங்கேயே இருக்கும்.